குறைகள் என்னும் கட்டம்

ஷோஹின் நீட்டிய தாளில் ஏழு கட்டங்கள்.
ஆறை அவனே நிரப்பிவிட்டான்:
மின்னழுத்தம் இருநூற்று இருபது, சரி.
சுழற்சி வேகம், சரி.
தாங்குருளைகள் புதியவை, சரி.
ஏழாவதில் 'குறைகள்' என்றிருந்தது.
இயக்குபவர்தான் எழுத வேண்டுமாம்.
பேனாவை என் கையில் திணித்துவிட்டு
சிகரெட் பிடிக்க வெளியே போனான்.

பத்தொன்பது குளிர்காலம்
பர்தாங் ஆற்றோரத் தகரக் கொட்டகையில்
ஒற்றை பல்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.
பல்பு வெளுத்தால் வால்வை மூடு,
சிவந்தால் திற.
அவ்வளவுதான் வேலை.
சம்பளம் மாவு.
மாவில்லாத மாதம் உருளைக்கிழங்கு.

போர் ஓய்ந்த வருடம்
கவிழ்ந்து கிடந்த கவச வண்டியின் தகட்டை வெட்டி
கோரோக்கில் எவரோ வெல்டிங் வைத்த விசையாழி.
ஒரு இறக்கை கோணல்.
சுற்றுக்கு ஒரு 'டக்'.
அந்த டக்கைக் கேட்டுத்தான்
என் பிள்ளைகள் இரண்டும் தூங்கப் பழகின.

மேல் வீட்டு கதம்ஷோ இஸ்திரி போட்டால்
பல்பு ஒருதரம் விக்கும்.
நாளைக்கு மாவட்ட அலுவலகம் போகிறான் என்று அர்த்தம்.
நிசோர்மோவின் அடுப்புச் சுருள் என்றால்
இறங்கி, தயங்கி, பாதிதான் ஏறும்.
இரவு மூன்று மணிக்கு அப்படி இறங்கினால்
அவள் மாமியாருக்கு மூச்சு முட்டுகிறது.
நாற்பத்தொரு வீடு.
எங்கே பிரசவம், எங்கே விருந்து,
எவன் குடித்துவிட்டு நடுநிசியில் டிவி பார்க்கிறான்,
எல்லாம் எனக்குத் தெரியும்.
எவரிடமும் வாய் திறந்ததில்லை.
கதம்ஷோ விஷயம் மட்டும் சொல்லியிருக்கிறேன்,
அவன் என் தம்பி.

புதுப் பெட்டி சாம்பல் நிறம்,
இரண்டு ரொட்டியை அடுக்கிவைத்த அளவு.
மிஞ்சிய மின்சாரத்தையெல்லாம்
தண்ணீர்த் தொட்டிக்குள் இருக்கும் கம்பிக்குத் தள்ளிவிடுகிறது.
தொட்டி கொதிக்கிறது.
முதல் வாரமே பெண்கள் மூட்டையோடு வந்துவிட்டார்கள்.
ஜனவரியில்
விரல் வெடிக்காமல் ஒருத்தி துணி துவைப்பதை
அன்றுதான் பார்த்தேன்.
சவ்ரினிசோ தலையையே அலசிவிட்டாள்.
கொட்டகை முழுக்க ஈரக் கம்பளி வாசம்,
யாரோ யாரையோ கேலி செய்கிற சத்தம்.

டக் போய்விட்டது.
பல்பு விக்குவதில்லை.
ஆணி அடித்த மாதிரி ஒரே வெளிச்சம்.

போன வியாழன் இரவு
நிசோர்மோவின் மாமியார் இறந்துபோனாள்.
அடுப்புச் சுருள் மூன்று மணியிலிருந்து விடியும்வரை எரிந்திருக்கிறது.
நான் பல்புக்கு நேரெதிரே
உப்புத் தேநீரில் ரொட்டியை நனைத்துத் தின்றுகொண்டிருந்தேன்.
காலையில்
மற்றவர்களுக்குச் சொன்னதுபோல்
எனக்கும் ஆள் விட்டுச் சொன்னார்கள்.

இதைக் குறை என்று எப்படி எழுதுவது?
கடைசி இரவில் அவள் அறை சூடாக இருந்தது.
பழையதில் நாலு வீடு சேர்ந்து அடுப்பு போட்டால்
ஊரே இருண்டுவிடும்.
பனியில் ஓடி, கதவு தட்டி,
அணையுங்கள் என்று கத்தியிருக்கிறேன்.
அந்தக் கதவையும் தட்டியிருக்கிறேன்.
இரண்டு முறை.

"முடிந்ததா?"
ஷோஹின் எட்டிப் பார்த்தான்.
அதே நேரம் என் கைபேசி அதிர்ந்தது.
பெட்டி அனுப்பிய செய்தி:
நீர்வரத்து குறைகிறது.
வாய்க்கால் தலைப்பில், கம்பிச் சல்லடையில்,
கஞ்சி உறைந்த மாதிரி பனி கட்டியிருக்கும்.
"இப்போது உன் பெட்டி என்ன செய்யும்?"
கொஞ்சம் யோசித்தான்.
"இன்னொரு செய்தி அனுப்பும்."

ஏழாவது கட்டத்தில் எழுதினேன்:
'பனியை உடைக்கத் தெரியாது.'
கீழே கையெழுத்து,
குல்பேகிம், இயக்குபவர்.

மூலையில் பாப்லார் கழி இரண்டு சாத்தியிருந்தது.
நகரத்துக் காலணி போட்டு வந்திருந்தான் பாவம்.
நீளமானதை எடுத்து
அவனிடம் நீட்டினேன்.